விசிலுக்குப் பதில் சொன்னவன்

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஜனவரி மாதம். பல்காஷ் ஏரிப் பக்கம் போகிற சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. வெயில் சாய்ந்துவிட்டது... பொடிப்பனி மட்டும் தாரில் நெளிந்து நெளிந்து ஓடுகிறது.

அந்தச் சாலையில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனவன் கல்கமான். என் மச்சானோடு கரகண்டா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். நல்ல பிள்ளை. ஒரே ஒரு பைத்தியம்தான். ஓட்டம் நின்றுபோன டீசல் ரயில் எஞ்சின்களை, வெட்டி இரும்பாக்குவதற்குள் படம் பிடித்துவிட வேண்டும்.

புல்வெளிக்கு நடுவில் அந்தப் பழைய இரும்புக் கிடங்கு. காவலுக்கு நெசிப்குல் என்ற பெண்மணி. ஆட்டுத்தோல் கோட்டு, பக்கத்தில் ஒரு முரட்டு நாய்.

"இந்தத் தகரத்தப் படம் புடிக்கவா இவ்வளவு தூரம் வந்தே? கல்யாணத்துல புடிச்சா குதிரைக்கறியாவது போடுவாங்களே!"

"கல்யாணத்துல மாப்பிள்ளை ஆடிக்கிட்டே இருப்பாருக்கா. இதுங்கதான் அசையாம நிக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். "இருட்டுறதுக்குள்ள வந்துடு. எதுலயும் ஏறாதே, என்ன?"

வரிசையாக நின்றன எஞ்சின்கள். முன்விளக்கெல்லாம் பிடுங்கியாகிவிட்டது. கண்ணாடிகளில் உறைபனி கெட்டியாக அப்பியிருந்தது. கடைசித் தண்டவாளத்தில் நின்ற ஒன்றில் மட்டும், ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்திருந்தது. துடைத்தது உள்ளேயிருந்து.

யாராவது இரும்பு திருட வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அந்தத் துடைத்த இடத்தின் வழியாக மற்ற எஞ்சின்களைப் படமெடுத்தால் எப்படி இருக்கும்... ஆசை விடவில்லை. வெளியிலிருந்து அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டான்.

உள்ளே பழைய டீசல் நாற்றம். அதோடு, அப்போதுதான் ஊற்றின தேநீரின் வாசனை. பின்பக்கம் வெறும் பொந்து. உள்ளே இருந்த டீசல் மோட்டாரை எப்போதோ கழற்றி எடுத்துவிட்டார்கள். பேட்டரியும் கிடையாது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்தான்.

ஸ்ஸ்ஸ்வீ...

விசில். காதைக் கிழிக்கிற விசில். அது என்ன என்று அவனுக்குத் தெரியும். ஓட்டுநர் தூங்கிவிடக் கூடாதென்று அடிக்கிற விசில் அது. கைப்பிடியை அமுக்கினால் அடங்கும். அமுக்காவிட்டால் பிரேக் விழுந்துவிடும்.

கை தானாகப் போனது. அமுக்கினான். அடங்கியது.

எங்கேயோ காற்று அடைத்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மறுபடி விசில். இந்தத் தடவை அமுக்கவில்லை.

காலுக்குக் கீழே தரை லேசாகக் குலுங்கியது. முதுகுக்குப் பின்னால் அந்த வெறும் பொந்துக்குள் காலடி... டங், டங், டங்... கனத்த பூட்ஸ், இரும்புத் தகட்டின் மேல் ஓடி வருகிறது. கல்கமான் பதறிப்போய் அமுக்கினான்.

காலடி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கப்புறம் அவன் எழுந்திருக்கவில்லை. விசில்... அமுக்கல். விசில்... அமுக்கல். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இருட்டின பிறகுதான் நெசிப்குல் தேடிக்கொண்டு வந்தாள். நாய் தண்டவாளத்துக்கு அப்பாலேயே நின்று முனகியது. அவள் ஏறி, கழுத்துப்பட்டையைப் பிடித்து அவனைக் கீழே இழுத்தாள்.

"என்னடா கேட்டுச்சு?"

"விசிலு..."

அவள் முகம் செத்துப்போய்விட்டது. "கேட்டா கேட்டுட்டுப் போகுது. நீ அமுக்கினியா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "இல்லக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக விழுந்திருந்தன. கடைசி எஞ்சின் கண்ணாடியில் மட்டும் துடைத்த இடமே இல்லை. முழுக்க உறைபனி.

மிச்சத்தை மச்சானிடம் சொன்னது கல்கமானின் பெண்டாட்டி ஷோல்பன். தூக்கத்தில் அவன் வலது கை கட்டில் சட்டத்தை அமுக்குகிறதாம். கொஞ்சம் விட்டு மறுபடியும். கையைப் பிடித்து நிறுத்தினால் கட்டில் குலுங்குகிறதாம்.

பிறகு பேச ஆரம்பித்தான். கண்ணை மூடியபடியே, தெளிவாக... "பச்சை!"

காலையில் ஷோல்பன் கேலி செய்தாள். "எந்த ஊருக்குப் போறீங்க? என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்களேன்." அவனுக்கு எதுவும் நினைவில்லை.

அடுத்த ராத்திரியும் "பச்சை!" என்றான். உடனே கதவுக்கு வெளியிலிருந்து, கரகரத்த ஆண்குரல் ஒன்று... "பச்சை. பாத்தாச்சு."

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஷோல்பன் அழுதுகொண்டே நெசிப்குல்லுக்குப் போன் போட்டாள்.

"ஓட்டுறவன் சிக்னலைச் சொன்னா, கூட இருக்கறவன் திருப்பிச் சொல்லணும். அது அவங்க வழக்கம்" என்றாள் அவள். "பொய் சொல்லிட்டானே பாவி... அமுக்கினவன்தான் அப்புறம் ஓட்டணும். பச்சைன்னு சொல்லிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எழுப்பாதே தங்கச்சி."

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான்.

முந்தாநாள் ஷோல்பன் மச்சானைக் கூப்பிட்டாளாம்.

இப்போது "மஞ்சள்" என்கிறானாம்.