நஸீஹாவின் புதுத் தொட்டி

தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன், ஜாஹிர் மச்சான். உங்கள் தங்கை நஸீஹா ஏன் இப்படி ஆனாள் என்றுதானே கேட்டீர்கள்?

கடல்மீன் தொட்டியில் உப்புநீர் கலந்ததும் மீனை விட்டுவிட முடியாது. மீன் கழிவில் அமோனியா ஊறும். அதைத் தின்னும் பாக்டீரியா முதலில் குடியேற வேண்டும். அதைப் பாட்டிலில் விற்கிறார்கள். நஸீஹாவும் ஒன்று வாங்கினாள். சூலியா தெருவில் கிளினிக் வைத்திருக்கும் இப்ராஹிம் அண்ணன் ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் அவர் கிளினிக்குக்கு அவள் ஒரு தொட்டி அமைத்துத் தருவாள், பிறகு அவளுக்குச் சொந்தக் கடை. கடைப் பெயரில் கார்டுகூட அடித்துவிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்தப் பாட்டிலை நான் வேலை பார்க்கும் பிறை ஊருக்குக் கொண்டுபோய், ஃபேக்டரி வாசலில் நிறுத்திய காருக்குள் பகல் முழுக்க வெயிலில் வைத்தேன். பாக்டீரியா சூடு தாங்காது. சாயங்காலம் ஃபிரிட்ஜில் அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

அவள் அதை ஊற்றினாள். வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் அமோனியாவும் விட்டாள். தொட்டி உயரம், உள்ளே கைவிட்டு மொள்ள அவளுக்கு எட்டாது; சோதிக்க நீர் மொண்டு தருவது நான்தான். சோதனை மருந்து விட்டதும் பச்சை வந்தால் விஷம், மஞ்சள் வந்தால் நல்ல நீர். முதல் நாள் தொட்டி நீரையே கொடுத்தேன், பச்சை. மறுநாளிலிருந்து வாளியில் மீந்திருந்த புது உப்புநீரைக் கொடுத்தேன். மஞ்சளைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

பழைய சின்னத் தொட்டியில் நான்கு வருடம் வளர்த்த கோமாளி மீன் ஜோடியை வெள்ளிக்கிழமை விட்டாள். அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஞாயிறு இப்ராஹிம் அண்ணன் வந்தபோது இரண்டும் மிதந்தன.

"தினமும் டெஸ்ட் பண்ணேனே, நான் எதுலங்க தப்பு பண்ணேன்?" என்று என்னைக் கேட்டாள்.

"நீ சரியாத்தான்லா செஞ்ச. சில பேரு கைராசி அப்படி," என்றேன்.

போன வருடம் பிறந்த இரண்டாம் நாளே போய்விட்ட எங்கள் பிள்ளை அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "என் கையில எதுவும் தங்காது போலங்க," என்றாள். நான் மறுக்கவில்லை.

இப்போது கறியில் உப்புப் போடவும் என்னைக் கேட்கிறாள். உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறீர்கள், தாராளமாகக் கூப்பிடுங்கள். வரமாட்டாள். அங்கே உங்கள் கைக்குழந்தை இருக்கிறது, அதைத் தொட அவளுக்குப் பயம்.

நான் அவளை எங்கும் போகாதே என்று ஒருநாளும் தடுத்ததில்லை, மச்சான்.