மூடும் முன் ஒரு சோதனை

சாயங்காலம் ஆறு பத்து... பெரிய சாலையிலிருந்து அந்தச் சுகாதார நிலையத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். வழியில் வீடு கிடையாது, ஒரே ஒரு விளக்குக் கம்பம். நம்பினால் நம்புங்கள், இது என் அண்ணியின் அக்காவுக்கு நடந்தது. அங்கே அவள்தான் நர்ஸ்.

ஸ்கேன் பார்க்க டாக்டர் இல்லை. அவள் கையில் ஒரு கருவியைக் கொடுத்து, மூன்று நாள் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். படம் புரிய வேண்டியதில்லை, அதைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும். கர்ப்பிணியின் வயிற்றில் ஜெல் தடவி, திரையில் அம்பு காட்டும் பக்கம் நகர்த்தினால் போதும். சரியான இடம் வந்ததும் பச்சை எரியும்... எத்தனை வாரம், துடிப்பு எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும்.

தினமும் மூடும் முன் ஒரு சோதனை உண்டு. கர்ப்பமில்லாத வயிற்றில் வைத்து, 'கர்ப்பம் இல்லை' என்று வந்தால்தான் கருவி சரி. அவள் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்வாள். கர்ப்பப்பையை எடுத்து நான்கு வருடம். "என் வயிறு மாதிரி கேரண்டி வயிறு எவளுக்கு இருக்கு?" என்பாள்.

அன்று இருபத்தாறு பேரைப் பார்த்திருந்தாள். கால் வீங்கி, இடுப்பு விட்டுப்போயிருந்தது. சோதனையும் முடித்து ஜெல்லைத் துடைத்தபோது, ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். தனியாக, நடந்தே வந்திருக்கிறாள். முப்பத்து நான்கு வாரம்.

"ரெண்டு நாளா அசையலக்கா."

கருவியை மறுபடி போட இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் அவளால் முடியவில்லை.

"காலைல வாம்மா. முதல் ஆளா பாக்கறேன்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுச் சாலையில் இறங்கி நடந்தாள்... காலையில் வரவில்லை, செய்திதான் வந்தது. இரவே போய்விட்டாளாம். வயிற்றில் இருந்ததும்.

அன்று மாலைச் சோதனைக்கு வழக்கம்போல் தன் வயிற்றில் வைத்தாள். பச்சை எரிந்தது. டுக்டுக்... டுக்டுக்... முப்பத்து நான்கு வாரம், ஒரு நாள்.

மறுநாள், இரண்டு நாள்.

இரண்டு வாரம் கழித்துக் கருவியைப் பழுது பார்க்கிறவர் வந்தார். தன் தொந்தியில் வைத்துப் பார்த்தார். 'கர்ப்பம் இல்லை.' சிரிக்காதீர்கள்... அவர் போனதும் இவள் வைத்தாள். முப்பத்தாறு வாரம்.

அந்தச் சோதனையை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"ஒருத்திய பாக்காம அனுப்பினது போதாதா?" என்றாள்.

எவ்வளவு அசந்துபோய் இருந்தாலும் தினமும் பார்த்தாள். பயம்கூட அலுத்துப்போயிருந்தது அவளுக்கு.

நாற்பது வாரம் முடிந்த அன்று நிலையத்தில் வேறு யாரும் இல்லை. ஜெல் சில்லென்று இருந்தது. அம்பு இந்தப் பக்கம் காட்டியது, அந்தப் பக்கம் காட்டியது... பச்சை எரியவில்லை. 'கர்ப்பம் இல்லை.'

அப்பாடா என்று எழுந்து கையைத் துடைத்தாள். அப்போது மூலையில் 'பீப்' என்று ஒரு சத்தம். பிறந்த குழந்தையை எடை போடும் தராசு. தட்டு காலி, ஆனால் எண் எரிகிறது. இரண்டு கிலோ எண்ணூறு. கைகால் உதைக்கிற குழந்தையைப் படுக்கவைத்தால் எண் நிற்காமல் ஆடுமே, அப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஓடவில்லை. ஓடத் தெம்பில்லை. அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அந்தக் காலித் தட்டின் மேல் போர்த்தினாள்.

எண் ஆடுவது நின்றது... துண்டுதான் தட்டில் படியவே இல்லை.