கெடாமல் வைத்த காற்றுப் பலகை

காற்றடித்துக் கடலில் மேலே நின்று துடுப்புப் போடுகிற ரப்பர் பலகையை மழைக்காலத்தில் எடுத்து வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடலிலிருந்து தூக்கிவந்து ஈரத்தோடு மூலையில் போட்டுவிட்டு, தை மாதம் பிரித்துப் பார்த்துப் பூஞ்சை பிடித்துவிட்டது என்று தலையில் கை வைக்கிறவர்கள் உண்டு. முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவ வேண்டும். இரண்டு நாள் நிழலில் காய வேண்டும். காற்றை முழுதாக இறக்கி, பாய் சுருட்டுகிற மாதிரி தளர்வாகச் சுருட்ட வேண்டும். மேலே பாரம் ஏற்றக் கூடாது, எலி அண்டக் கூடாது, அவ்வளவுதான். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ரவிக்குமார். அவன் சாவுக்கு நான்தான் காரணம் என்று அவன் மனைவி மங்கை ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீங்கள் கேட்பதால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் இசக்கிப்பாண்டி. திருவொற்றியூரில் கயிறும் வலையும் மிதவையும் விற்கிற கடை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, இன்னமும் இந்த வட்டாரத்துக்கு நான் அண்ணாச்சிதான். கடைக்குப் பின்னால் ஒரு குடோன், அதன் மேல் ஓர் அறை. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் குப்பத்து ஆட்கள் வலையையும் இஞ்சினையும் என்னிடம் போட்டு வைப்பார்கள். ஒரு அட்டைச் சீட்டைக் கோணல்மாணலாகக் கிழித்துப் பாதியை அவர்களிடம் கொடுப்பேன், பாதி என்னிடம் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் பொருள் வெளியே போகும். முன்பு ஒருமுறை, மாமா அனுப்பினார் என்று ஒருவன் வந்து கேட்க, நம்பி ஒரு இஞ்சினைக் கொடுத்துவிட்டேன். அது திரும்பவே இல்லை. இஞ்சின்காரர் கடை வாசலில் நின்று என்னைத் திருடன் என்றார். அந்த ஒரு சொல்லை நான் இன்னும் செரிக்கவில்லை. அன்றிலிருந்து மனைவி வந்தாலும் மகன் வந்தாலும் சீட்டு இல்லாமல் எதுவும் நகராது. குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ரவிக்குமார் நல்லவன். விசைப்படகு வேலையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போய் அந்தப் பலகையில் நிற்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பிடிக்கும். ஐப்பசியில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கப்போய் பைக் சறுக்கி, வலது காலில் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. அந்தக் காலோடு ஆட்டோவில் வந்து, அவனே இறங்கி நின்று, எலிக்குப் பயந்து மேல் அறையில் வைக்கச் சொல்லிப் பலகையை ஒப்படைத்தான்.

"அண்ணாச்சி, தை பொறக்கற வரைக்கும் இத்த பாத்துக்கோ. என் மச்சானுங்க பேஜாரு புடிச்சவனுங்க, புயல்ல அலை ஏறிக்கினு வெளாடணும்னு வந்து நிப்பானுங்க. யார் வந்தாலும் குடுத்துராத. நானே சீட்டு இல்லாம வந்தாலும் குடுக்காத, ஆமா."

சொல்லிவிட்டுச் சீட்டின் பாதியைச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டான். இது அவன் வாயால் சொன்னது. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் புயல் வந்ததும் மழை விடாமல் அடித்ததும் உங்களுக்குத் தெரியும். படகுகளையெல்லாம் எச்சரிக்கை வந்த அன்றே காசிமேட்டுத் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். ரவிக்குமார் வீடு கால்வாயை ஒட்டின பள்ளத்தில். காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மதியத்துக்குள் மார்புக்கு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார், இவ்வளவு ஏறும் என்று நினைக்காமல், காலையிலேயே அவனைத் தூக்கிப் பரணில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். பரணுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெளியேற வேறு வழி இல்லை. மாவுக்கட்டோடு எந்த மீனவனும் நீந்த முடியாது.

மங்கை ஒரு மணிக்குக் கடைக்கு வந்தாள். கழுத்துவரை கறுப்பு எண்ணெய். எங்கிருந்து கலந்ததோ, அன்று தெருத் தண்ணீர் முழுக்க அப்படித்தான் இருந்தது. நின்ற இடமெல்லாம் கறை. அதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, போர்ட குடு. அவரு பரண் மேல கீறாரு. தண்ணி ஏறிக்கினே கீது. அதுல படுக்க வெச்சு இட்டாந்துருவேன்."

"சீட்டு இருக்காம்மா?"

அவளுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். மறுபடியும் கேட்டேன்.

"அது அவரு சட்டைல கீதே, அண்ணாச்சி."

"அப்போ அவரையே எடுத்துட்டு வரச் சொல்லு" என்று நான் சொன்னதாக அவள் எழுதியிருக்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. "அதை எடுத்துட்டு வாம்மா" என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவன் என்ன சொல்லி ஒப்படைத்தான் என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சாகிற நேரத்தில்கூட ஒருவன் தன் பேச்சை மதிக்க ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாமா?

என் மனைவி ராமசெல்வி உள்ளேயிருந்து வந்தாள். "ஏங்க, குடுத்துருங்களேன். அவ நமக்குத் தெரியாதவளா?" என்றாள். தெரிந்தவர்களிடம் தளர்ந்துபோய்த்தான் இஞ்சின் போனது என்றேன். அவள் சாவிக்கொத்துக்குக் கை நீட்டினாள். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். இப்போது அவள் கல்மண்டபத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

மங்கை என் காலைப் பிடித்தாள். "வேணான்னா நீயே வந்து புடிச்சுக்கோ, காரியம் முடிஞ்சதும் நீயே எடுத்துக்கினு போ" என்றாள். பிறகு மாடிப்படிப் பக்கம் ஓடினாள். நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். அவளைத் தொடவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: வாசலில் இருந்த காலி பிளாஸ்டிக் கேன் இரண்டைக் காட்டி, இதைக் கட்டிக்கொண்டு போ, திருப்பித் தர வேண்டாம் என்றேன். கட்டக் கயிறும் நானே வெட்டிக் கொடுத்தேன். அவள் அவற்றை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியபோது மணி ஒன்றே முக்கால் இருக்கும். அந்தத் தண்ணீரில் அவ்வளவு தூரம் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்தபோது பரண் தெரியவில்லையாம்.

மூன்றாம் நாள் அவள் வந்தாள். ஊறிப்போன பாதிச் சீட்டை என் முன்னால் மேஜையில் வைத்தாள். எடுத்துப் பொருத்திப் பார்த்தேன், பொருந்தியது. பலகையை இறக்கிக் கொடுத்தேன். அவள் அங்கேயே தரையில் விரித்தாள். குனிந்து மோந்து பார்த்தாள்.

"இன்னா அண்ணாச்சி, தைலம் வாசன அடிக்குது?"

அதற்குப் பிறகுதான் அவள் உங்களிடம் வந்தாள். நீங்களும் நேற்றிலிருந்து அதையே கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

கார்த்திகை பிறந்ததிலிருந்து எனக்கு இடுப்பு வலி, தினமும் தைலம் தேய்த்துக்கொள்வேன். கட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. பலகை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் காற்றடித்தேன். கல்லு மாதிரி நின்றது. மேலே படுத்துப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை. அதிலிருந்து மதியம் சாப்பிட்டதும் மேலே போய் அரை மணி நேரம். யாருக்கும் தெரியாது, ராமசெல்விக்கும் தெரியாது. மங்கை வந்து நின்றபோது பலகை மேல் அறையில் காற்றோடுதான் கிடந்தது, என் தலையணை அதன் மேல். பம்ப் அடிக்கிற வேலைகூட இருந்திருக்காது. தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

ஆனால் அவள் மேலே வந்திருந்தால் என்ன நினைத்திருப்பாள்? அடுத்தவர் பொருளை எடுத்துப் புழங்குகிறவன் என்று ஊர் முழுக்கப் பேசியிருப்பார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அவள் கேனோடு தண்ணீரில் இறங்கியதும் நான் மேலே போய்த் தலையணையை எடுத்தேன், விரிப்பை உதறி மடித்தேன், வால்வைத் திறந்தேன். காற்று இறங்குகிற சத்தத்தில் தெருவில் யார் கத்தினார்கள் என்பதெல்லாம் காதில் விழவில்லை. இரண்டு முறை துடைத்தேன், மடிப்பு விழாமல் தளர்வாகச் சுருட்டினேன், பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். இரண்டேகாலுக்கெல்லாம் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. அந்த நேரத்தில் சீட்டோடு யார் வந்திருந்தாலும் ஒரு கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்திருப்பேன்.