கேட்டதும் கொடுத்தவன்

கத்தரிக்காய் வாங்கினால்கூட நான் காம்பைப் பார்த்துத்தான் வாங்குவேன். கடைக்காரன் தானாகப் பொறுக்கிப் பையில் போட்டால், அப்படியே திருப்பிக் கொட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா. மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

எனக்குப் படிப்பு இல்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். மீன் கம்பெனியின் குளிர்கிடங்கில் கதவு என் பொறுப்பு. பெட்டி போகும்போது திறக்க வேண்டும், போனதும் அடைக்க வேண்டும். ஓர் ஆயுசு அதிலேயே கழிந்தது. மாதாமாதம் என் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, கம்பெனியும் தன் பங்கைப் போட்டு, ஓய்வுக்கால நிதி என்று சேர்த்து வந்தார்கள். கடைசிக் காலத்தில் கிழவனும் கிழவியும் ஒரு வாய் சோறு தின்ன அது ஒன்றுதான் வழி. மகன் வீட்டு வாசலில் போய் நிற்கிற ஜென்மம் இல்லை நான்.

அந்தப் பணம் எப்போது, எப்படிக் கைக்கு வரும் என்று கேட்கப் போனால் பழைய அதிகாரி தலையே நிமிர மாட்டார்.

"நாளைக்கு வா. உன் பணம் என்ன காலு முளைச்சு ஓடியா போகுது? போ, போய்க் கதவப் பாரு."

கிடங்கில் அவருக்குப் பட்டப்பெயரே 'நாளைக்கு வா'தான். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பிறத்தியார் காசை வைத்திருப்பவன் அப்படித்தான் இருப்பான். பூட்டு முரண்டு பிடித்தால் உள்ளே பொருள் இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் போய் இந்தப் புதியவன் வந்தான். முப்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. நான் கேட்டு முடிக்குமுன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க பெரியவரே. இது உங்க பணம். கேட்டா கம்பெனி சொல்லித்தான் ஆகணும். அது உங்க உரிமை."

திட்டத்தின் விவரம், என் கணக்கு நிலவரம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தான். காசு கேட்கவில்லை. ஒரு டீகூடக் கேட்கவில்லை. புரியாவிட்டால் மறுபடி வாருங்கள் என்றான். எலிக்கு யாரும் விருந்து வைப்பதில்லை ஐயா, பொறிதான் வைப்பார்கள்.

அதோடு விட்டானா?

"நீங்க இடையில தவறிட்டீங்கன்னா பணம் யாருக்குப் போகணும்னு எழுதவே இல்லையே. வீட்ல அம்மா பேரு, வயசு சொல்லுங்க."

என் சாவைப் பற்றி என் முகத்துக்கு நேரே பேசியவன் அவன் ஒருவன்தான். அதையும் சிரித்துக்கொண்டே பேசினான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் சம்சாரம் உறையைப் பிரித்து வாசித்தாள். என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவள். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு. அந்தப் பிள்ளை பொறுமையா சொல்லியிருக்கு. எம் பேரைக் குடுத்துட்டு வாங்களேன்."

"குடுத்துட்டு? அடுத்த வாரமே பாடையில ஏறவா?"

"ஆமா, உங்களைக் கொன்னுட்டு நான் அரண்மனை கட்டப்போறேன். போய்க் குளிங்க, மீன் நாத்தம் தாங்கல."

அவள் சிரித்தாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முகம்கூடப் பார்க்காத என் பெண்டாட்டியையே அவன் பக்கம் பேச வைத்துவிட்டான் என்றால், எப்பேர்ப்பட்ட கைகாரன் என்று யோசித்துப் பாருங்கள்.

காலையில் நீங்களும்தான் கம்பெனியில் விசாரித்துவிட்டு வந்து, அவன் சொன்ன கணக்கில் ஒரு பைசா பிசகில்லை என்றீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. படித்தவர்களை ஏமாற்றுவது சுலபம். ஒரு தாளைக் காட்டினால் போதும்.

குளிர்கிடங்குக் கதவின் உள்பக்கம் ஒரு கைப்பிடி உண்டு, தவறி மாட்டிக்கொண்டவன் திறந்துகொண்டு வெளியே வர. அது கொஞ்ச நாளாகக் கழன்று கிடந்தது. மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. மறதி என்று நீங்கள் எழுத வேண்டாம். மீன் கல்லாகிற குளிர் அது. வெறும் சட்டையோடு போனவன் அரை நாள் தாங்க மாட்டான்.

வாரக் கடைசி. ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், அடுத்த சரக்கு திங்கட்கிழமைதான். வயதானவர் எதற்குப் படியேற வேண்டும் என்று, கையெழுத்து வாங்க அவனே அந்த வாரிசுத் தாளோடு இறங்கி வந்தான். என் மூக்குக் கண்ணாடி உள்ளே கடைசி அடுக்கில் இருக்கிறது என்றேன்.

"நீங்க இருங்க, இந்தக் குளிர்ல போகாதீங்க. நான் எடுத்தாறேன்."

பேனாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அடைப்பதற்கு முன் உள்ளே குரல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் சட்டம். பதில் வந்தால் கதவைத் தொடக் கூடாது. ஒரு நாளும் குரல் கொடுக்காமல் நான் அடைத்ததில்லை. அன்றைக்கும் கொடுத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"உள்ள யாரு?"

"நான்தான் பெரியவரே. இங்க கண்ணாடி எதுவும் இல்லையே."

கதவைத் தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. அத்தனை நாளில் அவன் சொன்னதில் உண்மை என்று நான் நம்பியது அது ஒன்றைத்தான்.