வெயிலில் காந்தம் பிடிக்காத தகடு

என் பெயர் சப்ரி. தந்தை பெயர் அப்துல்வாஹித். வயது ஐம்பத்தெட்டு. பாஸ்ரா, ஹம்தான் தொழிற்பேட்டையில் உலோகத் தகடு வியாபாரம் செய்கிறேன். வீடு அஷாரில், மீன் சந்தைக்குப் பின்புறம். ஆய்வாளர் கஹ்தான் அவர்கள் கேட்டதன் பேரில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

மோசடி வழக்கில் காவலில் இருக்கும் உம் குதைபா என்கிற நஜ்லாவின் கடை, என் கடைக்கு நேர் எதிரே உள்ளது. அவர் எனக்கு உறவுமில்லை, நட்புமில்லை. போட்டி வியாபாரி. என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது சாலையைக் கடந்து அவரிடம் போகிறார்கள். அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு ஒரு அவசியமும் கிடையாது என்பதை முதலிலேயே பதிந்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

ஃபாவ் பக்கம் கட்டிவரும் உப்பு ஆலை ஒன்றில், உப்புநீரைக் காய்ச்சும் தொட்டிக்குத் தகடு வேண்டும் என்று அந்த ஆலையின் கொள்முதல் பொறியாளர் ராஃபித் எங்கள் இருவரிடமும் விலை கேட்டிருந்தார். நான் தொட்டி முழுவதையும் ஹாஸ்டெலாய் என்ற மிக விலையுயர்ந்த நிக்கல் கலவைத் தகட்டில் செய்யும்படி விலை கொடுத்தேன். உம் குதைபா கொடுத்த விலை என் விலையில் கால் பங்குகூட இல்லை. ராஃபித் அவரிடமே வாங்கினார். ஆனாலும் இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்ற சந்தேகம் அவருக்கு இருந்துகொண்டே இருந்தது. அந்தச் சந்தேகத்தை நானும் கொஞ்சம் ஊதிவிட்டேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் உம் குதைபாவின் கடை முற்றத்தில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். தகடுகள் லாரியில் ஏற்றுவதற்காகக் காலையிலிருந்து வெட்டவெளியில் கிடந்தன. அவை மோனல், அதாவது நிக்கலும் செம்பும் கலந்த தகடுகள் என்று சொல்லி விற்கப்பட்டவை. ராஃபித் ஒரு காந்தத்தை அவற்றின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். அது எதிலும் ஒட்டவில்லை. காந்தம் லேசாகப் பிடித்தால் மோனல், பிடிக்காவிட்டால் வெறும் எவர்சில்வர் என்பதுதான் எங்கள் பேட்டையில் எல்லாரும் அறிந்த கணக்கு. எவர்சில்வராக இருந்தால் அந்தத் தொட்டியில் கொஞ்ச காலத்திலேயே பொத்தல் விழுந்துவிடும்.

அப்போது உம் குதைபா, "தம்பி, இது இப்ப கொதிக்குது. சூடேறினா மோனல் காந்தத்த விட்ருது. குளுந்தா திரும்பப் பிடிச்சுக்கும். ஐஸ் கொண்டாரச் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க" என்றார்.

அதற்கு ராஃபித், "ஏன், தகட்டுக்குக் காய்ச்சலா? நெத்தியில ஈரத்துணி போடணுமா?" என்று கேட்டார்.

முற்றத்தில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் நான். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படி ஒரு சங்கதி கேள்விப்பட்டதே இல்லை. என் கடைக்குள் எந்நேரமும் ஏ.சி. ஓடும், தகட்டை நான் அங்கே வைத்துத்தான் சோதிப்பேன். அகப்பட்டவள் கதை கட்டுகிறாள் என்றே நினைத்தேன். அதன் பிறகு ராஃபித் போலீசுக்குச் சொல்ல, அவர்கள் வந்து அந்தத் தகட்டிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை வெட்டிச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, உம் குதைபாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் கடைக்குச் சீல் வைத்தார்கள். அன்று மாலையே ராஃபித் என்னிடம் வந்து, என் விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

இன்று காலை ஆய்வாளர் கூப்பிட்டு அனுப்பியதால் இந்த நிலையத்துக்கு வந்தேன். ஏ.சி. ஓடும் சாட்சிப் பொருள் அறையில் வைத்திருந்த துண்டின் மேல் இப்போது காந்தம் ஒட்டுகிறது என்றும், அறைக்குப் பொறுப்பான காவலர் ஜப்பாருக்குப் பணம் கொடுத்து உம் குதைபா துண்டை மாற்றிவிட்டதாகத் தெரிகிறது என்றும், அப்படியானால் இரண்டாவதாக ஒரு வழக்கும் சேரும், ஜாமீன் கிடைக்காது என்றும் ஆய்வாளர் சொன்னார். நான் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. "இது அசல் மோனல் ஐயா. அன்னிக்குப் பாத்த தகடு இல்ல" என்றேன். ஜப்பார் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து அழுதார்.

அதன் பிறகு ஆய்வாளர் தேநீர் வரவழைத்து, இந்தத் தகடுகளில் என்ன அப்படி விசேஷம், விலை ஏன் இப்படி என்று கேட்டார். ஒரு கிலோ எவர்சில்வர் ஒரு பங்கு விலை என்றால் மோனல் ஏறக்குறைய ஆறு பங்கு, இன்கோனல் ஒன்பது, ஹாஸ்டெலாய் பதினொன்று என்று சொன்னேன். இன்கோனல் உலைக்குள் செக்கச்செவேலென்று பழுத்த பிறகும் தளராமல் நிற்கும். மற்றதையெல்லாம் அரித்துத் தின்னும் அமிலங்களுக்கு ஹாஸ்டெலாய். கடல்நீருக்கும் உப்புநீருக்கும் மோனல், அதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. அதே மோனலை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் கரைந்தே போகும், அங்கே மலிவான எவர்சில்வர் கம்பீரமாக நிற்கும். இவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"அப்ப உப்புக்கு எதுக்குப் பதினோரு பங்கு வெலையுள்ளத சொன்னீங்க?" என்று ஆய்வாளர் கேட்டார். நான் தேநீரை எடுத்துக் குடித்தேன். அவர் உம் குதைபா விலையோடு சேர்த்துக் கொடுத்திருந்த தொட்டியின் வரைபடத்தை எடுத்து நீட்டினார். அதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். தொட்டியின் சுவர் முழுக்கச் சாதாரண இரும்பு. கொதிக்கும் உப்புநீர் படும் உட்பக்கத்துக்கு மட்டும் மெல்லிய மோனல் தகட்டைப் பதித்து வெல்டிங் செய்வதாக இருந்தது. பாரத்தை இரும்பு தாங்கும், உப்பை மோனல் தாங்கும். விலை எப்படிக் குறைந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, ஆனாலும் அந்தத் தாளைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அந்த நேரத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர்காரன் எண்ணெய் இல்லை என்று சொல்லி அனுப்பினான். புழுக்கம் தாங்காமல் நாங்கள் ஜன்னலைத் திறந்து அதன் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டோம். அந்தத் துண்டு, ஒட்டிய காந்தத்தோடு, ஜன்னல் திட்டில் வெயிலில் சாய்த்து வைத்தபடி இருந்தது. இரண்டாவது தேநீர் வந்து நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது காந்தம் தானாகக் கழன்று ஆய்வாளரின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. அவர் சட்டை நனைந்தது. இதைப் பதிய வேண்டாம் என்று சொன்னவர், பிறகு பதிந்துகொள்ளச் சொன்னார்.

காந்தத்தைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. துண்டு கையில் வைக்க முடியாத சூடு. ஆய்வாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதன் பிறகு அவர் தெருமுனையில் சர்பத் விற்பவரிடமிருந்து ஐஸ் வாங்கிவர ஜப்பாரை ஓடச் சொன்னார். உம் குதைபாவையும் அழைத்துவரச் சொன்னார். துண்டை ஆய்வாளரே ஐஸ் வாளியில் போட்டார், அவரே எடுத்தார். காந்தம் ஒட்டியது. வெயிலில் வைத்தோம், விட்டது. மறுபடி ஐஸில் போட்டோம், ஒட்டியது. துண்டு எங்கள் கண்ணைவிட்டு அகலவே இல்லை. எவர்சில்வர் இந்த வேலையைச் செய்யாது. எந்தப் பேச்சைக் கேட்டு நாங்கள் சிரித்தோமோ, அதுவே உம் குதைபாவின் தகடு அசல் என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது.

உம் குதைபா யாரையும் திட்டவில்லை. சுவரோரம் நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, "அன்னிக்கு நல்லாச் சிரிச்சீங்களே ஹாஜி, மிச்சம் ஏதாவது இருந்தா இப்ப சிரிச்சுடுங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "எங்கிட்ட ஏ.சி. இல்ல ஹாஜி. என் சரக்கு முற்றத்துலதான கெடக்குது, கோடையும் குளிரும் அதுகூடத்தான் நானும் கெடக்கறேன்" என்றார். முப்பது வருடத்தில் என் தொழிலைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதுதான் சிறந்தது என்பதையும் பதிந்துகொள்ள வேண்டுகிறேன்.

உம் குதைபாவோடு எனக்கு விரோதம் உண்டா என்று ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன்: போட்டி உண்டு. அவர் வெளியே வந்ததும் அடுத்த வேலையை அவரிடமிருந்து பறிக்கப் பார்ப்பேன். ஆனால் இந்த உப்புத் தொட்டிக்கு அவர் கொடுத்ததுதான் சரியான தகடு, சரியான விலை. நான் கொடுத்தது இரண்டுமே இல்லை. ராஃபித் என்னிடம் பேசிய வேலையை நான் எடுக்கவில்லை என்று அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். ஜப்பார் எதையும் மாற்றவில்லை. அந்த அம்மாளை இன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. மின்சாரம் வந்துவிட்டதால் இந்த வாக்குமூலத்தைக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கொடுத்திருக்கிறேன். வெளியே முற்றத்தில், உச்சி வெயிலில் நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

(ஒப்பம்) சப்ரி அப்துல்வாஹித்