பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். மகள் மடியில் சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர் பெட்டி.

"ரெண்டு நாளா ஓப்பன் ஆகல. போன்ல கேட்டா, எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் புதுசா ஏத்தணும்ங்கறாரு மெக்கானிக். நாளைக்குக் காலேஜுல குடுக்குற புராஜெக்ட் அம்புட்டும் இதுக்குள்ளதான்ப்பா இருக்கு."

"பூஜைல வச்ச பொருளு கெட்டுப் போகாதும்மா. நான் வெறும் வாயாக்கூட வைக்கலையே."

"வெறும் வாயான்னா?"

"சாமி முன்னாடி எதையும் காலியா வைக்கக் கூடாதுல்ல. அதான் அந்தச் சந்துக்குள்ள ஒரு புது பிளாப்பியச் சொருகி வச்சேன்."

மகள் பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். பிளாப்பி வெளியே வந்தது. அதிலும் குங்குமம்.

"இது உள்ள இருந்தா, ஆன் பண்ணுனதும் கம்ப்யூட்டர் மொதல்ல இதுலதான் தேடும். இதுல ஒண்ணும் இல்லேன்னா அப்படியே நின்னுரும். ரெண்டு நாளா அழுதுக்கிட்டுக் கெடந்தேன், ஒரு வார்த்தை சொல்லலையேப்பா."

"நீ கேக்கலையேம்மா."

"எறங்குங்க, வீட்டுக்குப் போவோம்."

"வந்தது வந்துட்டோம், மெக்கானிக்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டுப் போயிருவோமே."

அவள் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். பழனியாண்டவரே, அந்தப் பிள்ளைக்கு எதிர் பஸ் சீக்கிரம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.