தாவாத திரை

எனக்கு மேசை சுத்தமாக இருந்தால்தான் வேலை ஓடும். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கம்ப்யூட்டரிலும் எனக்கு அதே புத்திதான். போன விசாரணையில் நீங்கள் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ரிப்போர்ட் அறை ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு போன், ஒரு நாற்காலி. காலையில் ஒருத்தி உட்காருவாள், மதியத்துக்கு மேல் இன்னொருத்தி. இருவருக்கும் இரண்டு வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் அடிக்க வேண்டும். கூடவே லேப் மென்பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவுகள் மெஷினிலிருந்து நேராக அதில் வந்து விழும். உயிருக்கு ஆபத்தான அளவு ஏதாவது வந்தால் ஒரு சிவப்புப் பெட்டி திறக்கும். உடனே வார்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, 'சொல்லியாயிற்று' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். வார்டில் அந்த மென்பொருள் கிடையாது. நாங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

ஒரே மானிட்டருக்குள் இரண்டு திரை வைத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தது நான்தான். முதல் திரையில் லேப் மென்பொருள், இரண்டாம் திரையில் என் டைப்பிங். கீபோர்டில் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். ஒன்றில் இருக்கும்போது மற்றது கண்ணில் படாது. அந்தச் சுத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த லேபில் என் கைவேகத்துக்கு ஆளே கிடையாது. லேபுக்குத் தலைவரான பெரிய டாக்டர் பாதி வார்த்தையை மென்று விழுங்கிவிடுவார், அந்தப் பாதியையும் சேர்த்து அடித்துக் கொடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் அந்த மென்பொருளுக்கும் இரண்டு திரைக்கும் ஒத்தே வரவில்லை. நான் இரண்டாம் திரையில் மும்முரமாக அடித்துக்கொண்டிருப்பேன். சிவப்புப் பெட்டி வந்ததும் என்னைக் கேட்காமல் திரை முதல் திரைக்குத் தாவிவிடும். என் விரல்கள் அதற்குள் நாலைந்து எழுத்தை அடித்திருக்கும். அது அத்தனையும் பெட்டிக்குள் போய் விழும். ஒரு நாள் வரி முடிந்து என்டர் கட்டையைத் தட்டிய அந்த நொடியில் தாவியது. பெட்டி அதையே 'சொல்லியாயிற்று' என்று எடுத்துக்கொண்டு மூடிக்கொண்டது. யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சொன்னதாகப் பதிவாகிவிட்டது. நல்லவேளையாக அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரிய டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்தி வைத்துக் கேட்டார். ரத்தம் எடுக்கக் காத்திருந்தவர்கள், பெருக்குகிற அம்மா, நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இத்தனை வருஷம் இருந்து என்ன பிரயோஜனம்? கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு வேலை பாக்கத் தெரியாதா?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மீதி ரிப்போர்ட்டை ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்தேன். இனி இந்த வராந்தாவில் ஒரு தரம்கூட இப்படி நிற்கக் கூடாது என்று அன்றைக்கே மனதில் ஒன்று விழுந்துவிட்டது. அதை அன்று மன உறுதி என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தம்பியைக் கூப்பிட்டேன். வெளி கம்பெனியிலிருந்து வருகிறவன். அவன் நோண்டிப் பார்த்துவிட்டு, தாவுவதை நிறுத்த ஒரு செட்டிங் இருக்கிறது என்றான்.

"ஆனா நிறுத்திட்டா பெட்டி முதல் திரையிலேயே நிக்கும்க்கா. நீங்க ரெண்டாவதுல இருந்தா தெரியாது. அடிக்கடி போய்ப் பாக்கணும். பெரிய டாக்டருக்குத் தெரியுமில்ல?"

"அவர்தான் மாத்தச் சொன்னாரு" என்றேன்.

"அப்ப சரி. அந்த இன்னொரு அக்காகிட்டயும் சொல்லிடுங்க."

"அது நான் பாத்துக்கறேன்."

அவரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் மறுபடி அந்தப் பேச்சு எழும். திரை தாவுவதுதான் ஆபத்து என்று நான் உண்மையாகவே நம்பினேன். இன்றைக்கும் அதில் பாதி நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் முதல் திரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு பெட்டியைக்கூட நான் தவறவிட்டதில்லை.

காலையில் உட்காருகிறவளிடம் நான் சொல்லவில்லை. அவளை லேபில் எல்லோரும் ஒற்றைவிரல் என்று கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது நான்தான். ஒரு விரலால் கொத்திக் கொத்தி அடிப்பாள், அதையும் சிரித்துக்கொண்டே அடிப்பாள். கோபமே வராது. என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். அவள் எப்போதும் முதல் திரையிலேயே, மென்பொருளை ஒரு பாதியிலும் டைப்பிங்கை மறு பாதியிலும் வைத்துக்கொண்டு வேலை செய்வாள். அப்படி இருக்கிறவளுக்குத் திரை தாவினால் என்ன, தாவாவிட்டால் என்ன? சொன்னால் அவள் வெள்ளந்தியாகப் பெரிய டாக்டர் முன்னால் உளறிவிடுவாள் என்ற பயமும் இருந்தது.

பிறகு ஒரு நாள் அவள் கண் கலங்க நின்றாள். ரிப்போர்ட் தாமதமாகிறதென்று அவளையும் கடிந்துகொண்டிருக்கிறார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. அவளை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டாம் திரையைச் சொல்லிக் கொடுத்தேன். முழுத் திரையும் டைப்பிங்குக்கே கிடைத்ததும் அவளுக்கு வேகம் வந்தது. "எப்படிக்கா இதெல்லாம் கண்டுபிடிக்கறீங்க?" என்றாள்.

"சிவப்பு வந்தா தாவிடும்ல, அக்கா?" என்றும் கேட்டாள்.

நான் அப்போது பிரிண்டருக்குக் காகிதம் வைத்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். நாளைக்கே செட்டிங்கைப் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்துச் சொன்ன "ம்" அது. அடுத்த நாள் தலைக்கு மேல் வேலை இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது.

அன்று மதியம் நான் உள்ளே வந்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஓட வேண்டும் அவளுக்கு. "எல்லா ரிப்போர்ட்டும் முடிச்சிட்டேன்க்கா. இன்னிக்கு ஒரு சிவப்புகூட வரல" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவள் போனதும் முதல் திரைக்குப் போனேன். சிவப்புப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. பெண்கள் வார்டில் ஒரு அம்மா. ரத்தத்தில் பொட்டாசியம் மிக அதிகம். அந்த அளவில் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்பது எங்கள் லேபில் எல்லோருக்கும் பாடம். பெட்டி வந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

போன் என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது.

இந்த இடத்தை நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். நான் பதறவில்லை. பதறித்தான் இப்படிச் செய்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் அது பொய். இப்போது போன் போட்டால் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார்கள். ஒற்றைவிரல் தனக்குத் தாவவில்லை என்பாள். வந்து பார்ப்பார்கள், தாவாது. யார் மாற்றியது என்று கேட்பார்கள். மறுபடி அந்த வராந்தா. இவ்வளவையும் நான் ஒழுங்காக யோசித்தேன். முதலில் செட்டிங்கைப் பழையபடி மாற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் அது வேலை செய்யும் என்றது. அணைத்தேன். அது பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது, தலை கலைந்திருந்தது, சரி செய்துகொண்டேன். பிறகு பாஸ்வேர்டு, பிறகு மென்பொருள், பிறகு அந்தச் சுற்றிச் சுற்றி வருகிற வட்டம். சிவப்புப் பெட்டி மறுபடி வந்தது. சரியாகத் தாவுகிறதா என்று, இரண்டாம் திரைக்குப் போய் நின்று ஒரு தரம் பார்த்தேன். தாவியது.

அதன் பிறகுதான் போனை எடுத்தேன்.

வார்டில் ஒரு நர்ஸ் மூச்சிரைக்க எடுத்தாள். "லேபா? அப்புறம் கூப்பிடுங்க. இங்க ஒரு அம்மாவுக்கு நெஞ்சை அழுத்திக்கிட்டிருக்காங்க" என்றாள். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. பொட்டாசியம் எண்ணைச் சொல்லிவிட்டு, அவள் பெயரைக் கேட்டு, 'சொல்லியாயிற்று' என்று அழுத்தினேன்.

அந்த அம்மா பிழைக்கவில்லை. மறுநாள் அவருடைய மகள் பழைய ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொள்ள லேப் கவுண்டருக்கு வந்தாள். எடுத்துக் கொடுத்தேன். என் கை சுத்தமாக இருந்தது, அதைப் பார்க்கக் கூசியது.

உங்கள் விசாரணையில் திரையைச் சோதித்துப் பார்த்தீர்கள். அழகாகத் தாவியது. பெட்டி வந்த நேரம் அவளுடைய ஷிப்டு, கண் முன்னால் வந்ததை விட்டுவிட்டாள் என்று முடிவானது. "எனக்கு வரவே இல்ல சார்" என்று அவள் அழுதாள். நடுவில் ஏன் கம்ப்யூட்டர் அணைந்தது என்று என்னைக் கேட்டீர்கள். ஹேங் ஆகி நின்றுவிட்டது என்றேன். கம்ப்யூட்டர் நிற்காத ஆபீஸ் உண்டா, நீங்களும் தலையாட்டினீர்கள். பழுது பார்க்கிற தம்பி எனக்குப் போன் செய்து, "அந்த செட்டிங் அப்படியேதானே இருந்துச்சு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "அதை நான் எப்பவோ பழையபடி மாத்திட்டேனேப்பா" என்றேன். அவனுக்கும் வேலை வேண்டும். போனை வைத்துவிட்டான்.

அவளுக்காக நான் பரிந்து பேசியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "சின்னப் பொண்ணு, வேணும்னு செஞ்சிருக்க மாட்டா, கவனம் சிதறியிருக்கும்" என்றேன். அந்த வாக்கியம்தான் அவள் தலையில் விழுந்தது. வேலை போய் வெளியே வந்தவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நீங்க ஒருத்தர்தான்க்கா எனக்காகப் பேசினீங்க என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வெட்கம் என்றால் என்ன என்று அந்தக் கைக்குத்தான் தெரியும்.

அப்புறமும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போன வாரம் அவள் போன் செய்தாள். குரலே மாறியிருந்தது. சாப்பிட முடியவில்லையாம், பிள்ளையைத் தனியாக வைத்துக்கொள்ளவே பயமாக இருக்கிறதாம்.

"அக்கா, எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு. சிவப்பு வந்திருக்கும், நான்தான் பாத்துட்டு மறந்துட்டேனோ? உண்மையைச் சொல்லுங்க, அப்படி ஆகுமா?"

ஒரு நல்ல மனுஷி அங்கேயே அத்தனையும் கொட்டியிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கலாம்மா. எல்லாருக்கும் ஆகறதுதான்" என்றேன். "அப்ப நான்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதனால்தான் வந்தேன். செட்டிங்கை மாற்றச் சொன்னது நான். பெரிய டாக்டர் சொன்னதாகப் பொய் சொன்னது நான். அவளுக்குச் சொல்லாமல் விட்டது நான். பெட்டியைப் பார்த்த பிறகும் போனைத் தொடாமல், என் தடயத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். இதயம் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார் என்று வார்டு டாக்டர் உங்கள் முன்னால் சொன்னார். மருந்து கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியிலேயே இருந்ததாம். அந்த அம்மாவைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணுக்குச் செட்டிங் விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், வேலையைத் திருப்பிக் கொடுங்கள். நான் போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததை அவளிடம் சொல்ல வேண்டாம். என்னைக் கூடப்பிறந்த அக்காவாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவளால் தாங்க முடியாது. எனக்காகக் கேட்கவில்லை, அவளுடைய நல்லதுக்காகத்தான் கேட்கிறேன்.